சிவப்பு வளையம் போட்ட தாய்மரம்

சிவப்புச் சாயம் விரலில் பட்டுவிட்டால் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் இரண்டு நாள் நிற்கும். மழை விட்டும் விடாத ஒரு மத்தியானம், காட்டுக்குள் அந்தச் சாய டப்பாவின் மூடியை நெம்பித் திறந்தவன் நான்தான். சுற்றிலும் என் மாணவர்கள் பன்னிரண்டு பேர். அட்டைக்குப் பயந்து கால்சட்டையைக் காலுறைக்குள் சொருகி, மேலே புகையிலைத் தண்ணீர் தடவியிருந்தார்கள். அந்த நெடிதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

எங்கள் முன்னால் ஒரு செங்கால் மரம். இரண்டு பேர் கைகோத்துக் கட்டினாலும் விரல் எட்டாது. தர்ஷினி என்ற மாணவி பிரஷ்ஷை வாங்கி, மார்பு உயரத்தில் மரத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையம் போட்டாள். இந்த மரத்தைத் தொடக் கூடாது என்பதற்கு நான் வைத்த அடையாளம் அது.

மறுநாள் காலை அந்த மரம் விழுந்தது. வெட்டியவர் முனியாண்டி அண்ணன். மரத்தோடு அவர் பிழைப்பும் விழுந்தது. தப்பு அவர் மேல்தான் என்று எழுதிக் கொடுத்தவன் நான்.

இந்தப் பத்திரிகைத் தொடரில் இதுவரை என்னென்னவோ எழுதிவிட்டேன். சிலிபினில் என் வீட்டு முருங்கை மரத்தைப் பற்றிக்கூட ஒரு வாரம் எழுதியாயிற்று. இதை மட்டும் சாக்கடையைத் தாண்டுவதுபோலத் தாண்டித் தாண்டி வந்தேன். இனி முடியாது. ஏன் முடியாது என்பது கடைசியில் வரும்.

முழங்கால் போட்டு நடத்திய பாடம்

ஈப்போவுக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் இருபத்துச் சொச்சம் வருடம் வனவியல் சொல்லிக் கொடுத்தேன். பெயர் வேண்டாம். தப்பு என்னுடையது, கல்லூரியுடையது அல்ல.

காட்டை வெட்டாமல் காப்பது ஒன்று. வெட்டியும் காப்பது இன்னொன்று. என் பாடம் இரண்டாவது. எதை எடுப்பது, எதை விடுவது, விட்டதிலிருந்து காடு மறுபடி எழுந்து வருமா என்று பார்ப்பது. இதைக் கரும்பலகையில் சொல்லித் தர முடியாது. நீச்சலை நாற்காலியில் உட்கார்ந்து படிக்க முடியுமா?

அதனால் பிள்ளைகளை மண்டிபோட வைப்பேன். கயிறு கட்டிச் சின்னச் சின்னச் சதுரமாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்திலும் என்னென்ன கன்று முளைத்திருக்கிறது என்று இலையைத் திருப்பித் திருப்பி எண்ண வேண்டும். நகர்ப்புறத்துப் பிள்ளைகள் முதல் நாள் முகம் சுளிப்பார்கள். மூன்றாம் நாள், மிதித்துவிடாதே என்று ஒருவரை ஒருவர் அதட்டுவார்கள். அந்த அதட்டலைக் கேட்டால் பாடம் ஏறிவிட்டது என்று தெரிந்துகொள்வேன்.

அந்தச் செங்காலுக்குக் கீழே கன்றுகள் கும்பலாக நின்றன. செங்கால் வருடா வருடம் காய்ப்பதில்லை. அதற்கு மனம் வந்தால்தான் காய்க்கும். காய்த்து, விழுந்து, முளைத்தவை அவை. அந்தச் சரிவு முழுவதற்கும் விதை கொடுக்க அது ஒன்றுதான் இருந்தது. இப்படிப்பட்டதைத் தாய்மரம் என்போம். சுற்றியுள்ள எதை வெட்டினாலும் தாய்மரத்தை விட்டுவிட வேண்டும்.

வெட்ட வேண்டிய மரத்துக்கு எண் போட்ட ஒரு சின்னத் தகடு அடிப்போம். கண் மட்டத்தில் ஒன்று, வேரடியில் ஒன்று. மரத்தைக் கொண்டுபோன பிறகும் அடிக்கட்டையில் தகடு இருக்கிறதா என்று பார்த்து, முறையாக வெட்டியதுதானா என்று கண்டுபிடிக்கலாம். தாய்மரத்துக்கு வேறு நிறத்தில் தகடு உண்டு. அந்த முறை அந்தத் தகடு வந்து சேரவில்லை.

மறுநாள் எங்கள் துறைத்தலைவர் பார்வையிட வருவதாக இருந்தது. பாதையிலிருந்தே அவர் கண்ணில் படட்டும் என்று கிடங்கில் மிச்சமிருந்த சிவப்புச் சாயத்தை எடுத்துப் போனேன். படமெடுத்தால் நன்றாக இருக்கும் என்ற நினைப்பும் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அப்பாவின் சாய டப்பா

இந்த இடத்தில் அப்பாவைக் கொண்டுவராமல் கதை நகராது.

அப்பா சித்தியவான் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் கிராணி, அதாவது எழுத்தர். தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். இங்கிலீஷ் தெரிந்ததால் துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவில் ஒரு மேசை கிடைத்தது. எங்களுக்குத் தனி வீடு, தனிக் கிணறு, கூடவே தனி மிடுக்கு. தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளோடு விளையாடலாம். ஆனால் வீட்டுக்குள் வருமுன் கால் கழுவ வேண்டும், அவர்கள் வாசலோடு நின்றுவிட வேண்டும்.

வேர்நோய் கண்ட மரம், பால் வற்றிய மரம் என்று பார்த்துப் பார்த்து அப்பா குறி போடுவார். ஒரு கையில் நோட்டு. பின்னால் ஓர் ஆள் சாய டப்பாவோடு போவான். மரத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம். அடுத்த வாரம் அந்த மரம் இருக்காது. தோட்டத்தில் கைப்பிள்ளைக்கும் தெரியும், வளையம் விழுந்தால் மரம் முடிந்தது.

முனியாண்டி அண்ணன் அந்தத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். அவர் அம்மா பால் வெட்டும் நிரையில் ஒரு மரத்துக்கு அப்பா வளையம் போட்டுவிட்டார். நல்லா பால் குடுக்குற மரம் ஐயா, இத மட்டும் விட்டுருங்க என்று அந்த அம்மா பால் சுமக்கும் காண்டா வாளியை இறக்கி வைத்துவிட்டுக் கெஞ்சியதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா நோட்டைத் தட்டிக் காட்டிவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விட்டார். அந்த மரமும் போயிற்று.

பிறகு தோட்டமே போயிற்று. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்பு வந்தது. முனியாண்டி அண்ணன் குத்தகைக்காரர்களிடம் கிழட்டு ரப்பர் மரங்களை அறுத்துத் தள்ளும் வேலையில் சேர்ந்தார். பேராக் மாநிலத்தில் அவர் மிசின் இறங்காத தோட்டம் குறைவு. எங்கே போனாலும் அதே முறைதான். வளையம் போட்டது விழ வேண்டும், போடாதது நிற்க வேண்டும்.

அவரை எங்கள் காட்டுக்குக் கூப்பிட்டதும் நானேதான். வழக்கமாக மரம் வெட்ட வருகிறவருக்குக் காய்ச்சல். ஒரே ஒரு மரத்தை வெட்டிக் காட்ட வேண்டும், பக்கத்து மரங்களுக்கு எவ்வளவு சேதம் என்று பிள்ளைகள் அளக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. இவரைவிட நேர்த்தியாக மரம் சாய்க்கும் ஆள் கிடையாது என்று தலைவரிடம் சிபாரிசு செய்திருந்தேன்.

தோட்டத்து வளையமும் தெரிந்து, காட்டு வளையமும் தெரிந்தவன் அந்தச் சரிவில் நான் ஒருவன்தான். என் புத்தியில் அது உறைக்கவில்லை.

மிச்சம் வைத்த ஒரு வாக்கியம்

உறைத்தது தர்ஷினிக்குத்தான். ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து வந்த பெண். அவள் அப்பா மீன்பிடிப் படகுகளுக்கு இயந்திரம் பழுது பார்ப்பவர். எதையும் இரண்டு தடவை பார்க்கிற பழக்கம் அங்கிருந்து வந்திருக்கும். வளையம் போட்டு முடித்து நாலடி தள்ளி நின்று பார்த்தாள்.

“சார், வெட்டுற மரத்துக்கு இத்துனூண்டு தகடு. வெட்டக் கூடாததுக்கு இவ்ளோ பெரிய வளையம். தூரத்துலேர்ந்து பாக்குறவங்க மாத்தி நெனச்சுக்க மாட்டாங்களா?”

“யாரு நெனப்பா? நம்ம ஆளுங்க எல்லாருக்கும் தெரியும்லா.”

“நாளைக்கு மரம் வெட்ட வர்ற அங்கிளுக்கு?”

“அவருக்கு நான் சொல்லிக்கிறேன். நீ பிரஷ்ஷ கழுவி வை.”

மறுநாள் காலை முனியாண்டி அண்ணன் மோட்டார் சைக்கிளின் பின்னால் மிசினைக் கட்டிக்கொண்டு வந்தார். அறுபதை நெருங்கிய வயது. ஒல்லியான உடம்பு, தொப்பி, சட்டைப் பையில் சூடப் பொட்டலம்.

“என்ன சார், பெரட்டுக்கு லேட்டாயிருச்சா?” என்றார். தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கெடுப்பதைப் பெரட்டு என்போம். இருவரும் சிரித்தோம்.

மரம் விழும் இடத்தில் பிள்ளைகள் இருக்கக் கூடாது என்று அவர்களைக் கீழே ஓடைப் பக்கம் கன்று எண்ண அனுப்பியிருந்தேன். முனியாண்டி அண்ணனைச் சரிவுக்கு அழைத்துப் போனேன். அப்போது கைப்பேசி அடித்தது. தலைவர் வழி தவறி வேறு சந்திப்பில் நிற்கிறாராம். பதற்றமாகிவிட்டது எனக்கு. கைப்பேசியைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னேன்.

“மரத்துல குறி போட்டிருக்கு அண்ணே. பாத்து வெட்டுங்க. இன்னிக்கு ஒன்னே ஒன்னுதான்.”

“சரி சார். நீங்க போய்ட்டு வாங்க, நான் பாத்துக்கிறேன்.”

இறங்கிப் போய்விட்டேன். வளையம் போட்டதைத் தொடாதீர்கள் என்ற ஒரு வாக்கியம் என் வாயிலேயே தங்கிவிட்டது.

நல்லா விழுந்துச்சு

தலைவரைக் கண்டுபிடித்துக் கூட்டி வர முக்கால் மணி நேரத்துக்கு மேலாயிற்று. மேடு ஏறும்போதே மிசின் சத்தம் கேட்டது. சின்ன மரத்தை அறுக்கும்போது மிசின் கீச்சிடும். பெரிய மரத்துக்குள் இறங்கினால் குரல் அடங்கி முனகும். அன்று அது முனகிக்கொண்டிருந்தது.

ஓடினேன். மூச்சு வாங்கியது. எனக்கு முன்னால் ஓடைப் பக்கமிருந்து தர்ஷினி கையை ஆட்டிக்கொண்டு ஓடி வருவது தெரிந்தது. முனியாண்டி அண்ணனும் அவளைப் பார்த்துவிட்டார். ஏதோ தெரியாத பெண் மரம் விழும் பக்கம் வருகிறாள் என்று பதறி, மிசினை விட்டுவிட்டு இரண்டு கையாலும் போ, போ என்று விரட்டினார். அதற்குள் மரம் பேச ஆரம்பித்துவிட்டது. உள்ளே நார் அறும் சத்தத்தை அப்படித்தான் சொல்வோம். அதன் பிறகு அதை யாராலும் நிறுத்த முடியாது.

விழுந்த பிறகு வந்த வெளிச்சம்தான் தாங்க முடியாததாக இருந்தது. எந்தக் காலத்திலும் வெயில் படாத தரையில் பளீரென்று வெயில். இலைகள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டே இருந்தன. பிசின் வாசனை. வேரடியில் சூடம் எரிந்து கருத்த ஒரு வட்டம். இரண்டடி தள்ளி, வெட்டுவதற்கென்று தகடு அடித்திருந்த சின்ன மரம் அப்படியே நின்றது.

முனியாண்டி அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“நல்லா விழுந்துச்சு சார். பக்கத்து மரம் ஒன்னத்தயும் தொடல. பெரிய மரம் பாருங்க, சூடம் காட்டி மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் கைய வச்சேன்.”

பின்னால் மூச்சிரைக்க வந்து சேர்ந்த தலைவர் வளையத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். யார் வெட்டச் சொன்னது என்று மலாயில் கேட்டார்.

நானும் மலாயில் பதில் சொன்னேன். வளையம் போட்டதைத் தொடக் கூடாது என்று தெளிவாகச் சொன்னேன், இவர் கேட்கவில்லை. இவ்வளவுதான். யோசித்துச் சொன்னதல்ல. பொய் சொல்ல யோசனை எதற்கு, பயம் போதும்.

முனியாண்டி அண்ணனுக்கு மலாய் என்னைவிட நன்றாக வரும். அவர் தொப்பியைக் கழற்றினார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். நகக்கண்ணில் சிவப்பு இருந்தது. மிசினைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

அறிக்கை

அறிக்கை எழுதச் சொன்னார்கள். எழுதினேன். அப்பாவிடமிருந்து வந்த கையெழுத்து எனக்கு, முத்து முத்தாக இருக்கும். முழுப் பூசணிக்காயையும் அந்த முத்துகளுக்குள் மறைத்தேன். அறிக்கையில் அவர் முனியாண்டி அண்ணன் அல்ல, ‘தொழிலாளி’. தொழிலாளி அறிவுறுத்தலை மீறிச் செயல்பட்டார் என்று எழுதினேன்.

மாணவர்கள் சார்பில் குழுத்தலைவியின் கையெழுத்தும் வேண்டும். தர்ஷினியை அறைக்கு வரச் சொன்னேன். நின்றபடியே இரண்டு தடவை படித்தாள்.

“சார், அவருகிட்ட நீங்க சொன்னீங்களா?”

“சொன்னேன்.”

“வளையம் போட்டத வெட்டக் கூடாதுன்னு?”

“தர்ஷினி, இது ஒன் படிப்பு சம்பந்தப்பட்டதும்தான். போடும்மா.”

பேனாவை வாங்கிக்கொண்டாள். பிறகு தாளைப் புரட்டி, மரத்தின் சுற்றளவும் உயரமும் எழுதிய பக்கத்தை எடுத்தாள்.

“அளவ நான்தான் எடுத்தேன் சார். அதுக்குக் கீழ போடுறேன். மத்ததுக்கு நான் அங்க இல்ல.”

அந்தப் பக்கத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். படிப்பு முடிந்து போகும்போது எல்லாப் பிள்ளைகளும் என்னிடம் நற்சான்றுக் கடிதம் வாங்கினார்கள். அவள் வரவில்லை.

அவள் கையெழுத்து இல்லாமலே அறிக்கை செல்லுபடியாயிற்று. தாய்மரத்தை வெட்டிய ஆள் என்ற பேச்சு குத்தகைக்காரர்கள் வரை போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு முனியாண்டி அண்ணனை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. மிசினை விற்றுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அதோடு விசாரிப்பதை நிறுத்திக்கொண்டேன். விசாரித்தால் தெரிந்துவிடுமே.

கேவலமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அவர் வெட்டிய அடிக்கட்டை அவ்வளவு நேர்த்தியாக இருந்தது. முன்வெட்டு, பின்வெட்டு, நடுவில் விட்ட நார்ப்பட்டை எல்லாம் பாடப்புத்தகத்துப் படம்போல. மரத்தை எப்படிச் சாய்ப்பது என்பதற்கு அடுத்தடுத்த வருடப் பிள்ளைகளுக்கு அதைக் காட்டியே பாடம் நடத்தினேன். யார் வெட்டியது சார் என்று கேட்பார்கள். ஒரு தொழிலாளி என்பேன்.

அந்தக் கன்றுகளில் மரத்தின் கீழ் நசுங்கியது பாதி. மீதி வெயில் தாங்காமல் கருகின. வெட்டவெளியானதும் ரெசாம் என்னும் பெரணிப் புதர் வந்து மூடிக்கொண்டது. அதற்குக் கீழே எதுவும் முளைக்காது. ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரம் தனியாகப் போய், அங்கே மண்டிபோட்டு விலக்கி விலக்கித் தேடினேன். ஒரு செங்கால் கன்றுகூட அகப்படவில்லை.

வாராவாரம்

சில வாரங்களுக்கு முன்னால் ஈப்போவில் ஓர் அடுக்குமாடியில் இருக்கும் நண்பரைப் பார்க்கப் போனேன். வாசலில் தடுப்புக் கம்பி. காவலாளியின் ஜாகா கொட்டகையிலிருந்து சீருடை போட்ட ஒரு கிழவர் நோட்டோடு எழுந்து வந்து காருக்குள் குனிந்து பார்த்தார்.

“சார்தானே? மூஞ்சிய வாராவாரம் பேப்பர்ல பாக்குறேனே.”

தொப்பி வேறு. குரல் அதுதான்.

“முனியாண்டி அண்ணே. எப்படி இருக்கீங்க?”

“இருக்கேன் சார். காதுதான் போச்சு. மிசின் தின்னுருச்சு. கொஞ்சம் சத்தமா பேசுங்க.”

கொட்டகைச் சுவர் ஆணியில் தே ஓ என்ற பால் விடாத தேநீர்ப் பொட்டலம் ஒன்று தொங்கியது. அதற்குக் கீழே மேசையில் அந்த வார இதழ், என் பக்கத்தில் மடித்து வைத்திருந்தார்.

“கிராணி ஐயாவப் பத்தி எழுதிருந்தீங்க. நல்லா இருந்துச்சு. எங்கம்மா கெஞ்சுன மரத்தயும் எழுதிருக்கலாம் சார். ஒங்களுக்கு ஞாபகம் இருக்காதுலா.”

இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் நோட்டில் கார் எண்ணை எழுதிக்கொண்டே கேட்டார்.

“அந்தப் பொண்ணு தர்ஷினி நல்லா இருக்கா?”

“அவள ஒங்களுக்கு எப்படி…”

“அந்த வாரமே பஸ் ஏறி எங்க வீட்டுக்கு வந்துருச்சு சார். நீங்க சொல்றேன்னு சொன்னது, சொல்லாதது, எழுதுனது, எல்லாத்தயும் சொல்லிட்டு ஒக்காந்து அழுதுச்சு. மேல போய்ச் சொல்லப் போறேன்னு நின்னுச்சு. நான்தான் வேணாம்மா, மொதல்ல நீ படிச்சு முடின்னு தே போட்டுக் குடுத்து அனுப்புனேன்.”

இத்தனை வருடம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் அது தெரியவில்லை.

“நீங்க ஏன் அண்ணே ஒன்னும் சொல்லல?” நான் மெதுவாகக் கேட்டது அவர் காதில் விழவில்லை. திரும்பச் சத்தமாகக் கேட்க வேண்டியிருந்தது. தெருவில் போகிறவர்களுக்குக் கேட்டிருக்கும்.

“சொன்னா? கிராணி வீட்டுப் புள்ள எழுதுன பேப்பர் சார் அது. எங்க பேச்சு எந்தக் காலத்துல எடுபட்டுச்சு?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. அவர் தடுப்புக் கம்பியைத் தூக்கினார். நான் கடக்கும்போது மறுபடி குனிந்தார்.

“காட்டுக் கதை எப்ப சார் வரும்? வாராவாரம் பாத்துக்கிட்டே இருக்கேன்.”

மறுநாள் கல்லூரிக்குப் போனேன். அந்த அறிக்கையைத் திருத்தி எழுதிக் கொடுக்க வேண்டும் என்றேன். அலுவலகத்தில் இருந்த இளம்பெண் கணினியில் பார்த்துவிட்டு, அவ்வளவு பழைய கோப்புகளை எல்லாம் அழித்துவிட்டோம் சார் என்றாள். திருத்துவதற்குத் தாளே இல்லை. எனக்கு இருப்பது இந்தப் பக்கம் ஒன்றுதான்.

முனியாண்டி அண்ணே, இந்த வாரம் வந்துவிட்டது. வளையம் போட்ட மரத்தை வெட்டக் கூடாது என்று நான் உங்களிடம் சொல்லவில்லை. சொன்னேன் என்று எழுதியது பொய். உங்கள் அம்மா கெஞ்சிய மரம் எனக்கு ஞாபகம் இருக்கிறது.